டின் வேலை

ஏழாங்கட்டைத் தோட்டத்தில் பிள்ளை பெயிலாகிவிட்டால் முதலில் காளியம்மாவிடம்தான் சொல்வார்கள். பெற்ற தகப்பனுக்கு அதற்கப்புறம்தான் சேதி போகும். தகப்பனிடம் சொன்னால் அடிப்பான், அவ்வளவுதான் அவனால் முடியும். காளியம்மா வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "கை நடுங்குமா? அம்மாவ விட்டுட்டு ராத்திரி படுப்பானா?" என்று கேட்பாள். பிறகு பக்கத்து டவுனான கோலசிலாங்கூரில் எந்தக் கடையில், யாரை, எந்த நேரத்தில் போய்க் கேட்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவாள். அப்படிப் போய் லோரிப் பட்டறையிலும் ரொட்டி அடுப்பிலும் ஒட்டிக்கொண்டவர்கள் உண்டு. தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் பெரிய கிராணி கார்த்திகேசுவே ஒரு நாள் கொல்லைப்பக்கமாக அவள் வீட்டுக்கு வந்தார் என்பார்கள். வந்தது உண்மைதான். என்ன பேசினார் என்று காளியம்மா கடைசிவரை யாரிடமும் மூச்சுவிடவில்லை.

இத்தனைக்கும் அவள் ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனவள் இல்லை. பத்து வயதில் ரப்பர் பால் மரம் சீவப் போனவள். இந்தக் கெட்டிக்காரத்தனம் அவளுக்குத் தானாக வரவில்லை. சொந்த மகன் சன்னாசி பெயிலானதால் வந்தது. அதுவும் ஒரு தடவை பெயிலாகியிருந்தால் வந்திருக்காது.

அது ஐம்பத்திரண்டாம் வருடம். மலாயாவில் அவசரகாலம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் இருந்தார்கள். அவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று ஆட்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, கதவில் எஸ்.சி. என்கிற ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களைத் துப்பாக்கியோடு நிறுத்தியிருந்தார்கள். காலையில் வேலைக்குப் போகிறவர்கள் பால் வாளியைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுப் போக வேண்டும். மடியில் ஒரு பிடி சோறு இருந்தாலும் குற்றம். பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. இத்தனை கெடுபிடியிலும் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடம் மட்டும் எந்தத் தடையும் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது. அதனால்தான் சன்னாசியால் ஆறாம் வகுப்பில் மூன்று முறை பெயிலாக முடிந்தது.

மூன்றாம் முறை வாத்தியார் செல்லையா காளியம்மாவை ஆள் விட்டு அழைத்தார்.

"மொத தடவ காய்ச்சல்னு சொன்னீங்க. ரெண்டாம் தடவ, ராத்திரியெல்லாம் வெடிச் சத்தம், பையன் தூங்கலன்னு சொன்னீங்க. இந்தத் தடவ என்ன சொல்லப் போறீங்க?"

"இந்தத் தடவ நல்லாத்தான் சார் இருந்தான்."

"அதத்தாம்மா நானும் சொல்றேன்," என்றார் வாத்தியார். "நல்லா இருந்தே இவ்வளவுதான்."

அவள் புருஷன் நாராயணசாமி புல் வெட்டும் கும்பலில் இருந்தான். சேதியைக் கேட்டதும் அவனுக்கு வருத்தம் வந்ததாகத் தெரியவில்லை. "புல்லு வெட்டறதுக்கு எதுக்குடி பாஸு? புல்லு என்ன பாஸ் பண்ணிட்டா மொளைக்குது?" என்றான். அடுத்த நாளே ஆபீசுக்குப் போய், பதினாலு வயது முடிந்துவிட்டது என்று சொல்லி, மகன் பேரைச் செக்ரோலில் ஏற்றிவிட்டு வந்தான். செக்ரோல் என்பது தோட்டத்து ஆட்களின் பேரேடு. விடியுமுன்னே பெரட்டுக் களத்தில் எல்லோரையும் நிறுத்திக் கிராணி அதைப் பார்த்துத்தான் பேர் கூப்பிடுவார். அதில் பேர் ஏறுவது சுலபம், இறங்குவது பாடையில்தான் என்று லயத்தில் ஒரு பேச்சு உண்டு.

காளியம்மாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அவளுடைய அம்மா அந்தக் களத்தில் நின்றவள். அவள் நிற்கிறாள். புருஷன் நிற்கிறான். இனி மகனும் அதே வரிசையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பான், அவனுக்குப் பிறக்கிறதும் நிற்கும். ராத்திரி வெடிச் சத்தம் கேட்டால் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறவள் அவள். அந்த வரிசையை நினைத்துத்தான் பயந்தாள். எங்கேயாவது, எதையாவது, ஒரு கைத்தொழில் என்று அவன் கற்றுக்கொண்டால் போதும். என்ன தொழில் என்பதைப் பற்றி அவளுக்கு ஒரு பிடிவாதமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மகனைக் குளிப்பாட்டி, தலையில் எண்ணெய் வழிய வழியத் தடவி, இழுத்துக்கொண்டு கிளம்பினாள். வேலிக் கதவில் ஜாபர் என்கிற புது எஸ்.சி. நின்றான். தஞ்சோங் காராங்கில் நெல் விவசாயக் குடும்பத்துப் பையன். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

"பாஸ் அடா?" என்று மலாயில் கேட்டான். பாஸ் இருக்கிறதா என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தை விட்டு வெளியே போகிறவர்களுக்கு ஆபீசில் கையெழுத்துப் போட்டுத் தருகிற சீட்டுக்குப் பாஸ் என்று பேர்.

காளியம்மாவின் மண்டைக்குள் அன்று ஓடிக்கொண்டிருந்தது வேறு பாஸ். வாத்தியார் சொன்னது வேலிக் கதவுவரைக்கும் பரவிவிட்டதா என்று அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் போலீஸ்காரன் கேட்கும்போது பொய் சொல்லக் கூடாது.

"பாஸ் தா அடா. பெயிலு தம்பி," என்று, இல்லை என்பதை மட்டும் மலாயில் சொன்னாள். அவனுக்குப் புரியட்டும் என்று மூன்று விரலைக் காட்டினாள். "மூணு தடவ."

ஜாபர் அந்த மூன்று விரலையும் பார்த்தான், எண்ணெய் வழிந்த பையனையும் பார்த்தான். பாஸ் இல்லாமல் மூன்று தடவை வெளியே போயிருக்கிறாள், அதைத் தானே வாயால் ஒப்புக்கொள்கிறாள் என்று முடிவு செய்து, துப்பாக்கியைக் குறுக்கே பிடித்தான். ஆட்களை மேய்க்கும் மண்டோர் வந்து விளக்கி, ஆபீசைத் திறக்கச் சொல்லி, பாஸ் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் வரும்வரை மூவரும் கதவருகிலேயே நின்றார்கள். ஜாபர் சன்னாசிக்கு ஒரு வறுத்த கச்சான் கடலைப் பொட்டலம் கொடுத்தான். பிறகு அதுவும் உணவுப் பொருள்தான் என்று ஞாபகம் வந்து, அங்கேயே தின்று முடிக்கச் சொன்னான்.

கோலசிலாங்கூரில் முதலில் லோரிப் பட்டறை. பட்டறைக்காரத் தௌக்கே, அதாவது சீன முதலாளி, படுப்பதும் உண்பதும் சீனர்களை வேலி போட்டுக் குடிவைத்த புதுக் கிராமத்தில். அங்கே தோட்டத்துப் பையனைத் தங்கவைக்க முடியாது என்று ஸ்பானரைக் கீழே வைக்காமலே சொல்லிவிட்டார்.

அடுத்தது தையல்காரர் மீரா முகைதீன். அவர் நல்ல மனுஷர். அளவு நாடாவைச் சன்னாசி கையில் கொடுத்து, "என் கழுத்த அளந்து சொல்லு தம்பி, பாப்போம்," என்றார். சன்னாசி நாக்கைக் கடித்துக்கொண்டு அளந்தான்.

"நாப்பத்தஞ்சுங்க."

மீரா முகைதீன் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "நாடாவத் தலைகீழாப் புடிச்சிருக்கான்," என்று காளியம்மாவிடம் சாந்தமாகச் சொன்னார். "நாப்பத்தஞ்சு கழுத்துக்கு நான் யானைக்குத்தாம்மா சட்டை தைக்கணும். கோலசிலாங்கூர்ல அந்த யாவாரம் கம்மி."

மத்தியானம் ஆகிவிட்டது. வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல், ஒரு சார்டின் டின்னாவது வாங்கிப் போகலாம் என்று மதார் சாகிபுவின் மளிகைக் கடைக்குள் நுழைந்தாள். கடையில் கூட்டம் நெரிந்தது. அதற்குக் காரணம் வியாபாரம் அல்ல, ஓட்டை. டின்னில் அடைத்த எந்தச் சாமானையும் வாங்குகிறவர் கண்முன்னே ஓட்டை போட்டுத்தான் விற்க வேண்டும் என்று சட்டம். ஓட்டை விழுந்த டின் இரண்டு நாளில் கெட்டுவிடும், காட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்து வைக்க முடியாது. சட்டம் போட்டவர்களுக்கு ஒரு கையெழுத்தோடு வேலை முடிந்தது. மதார் சாகிபுவுக்கு ஒவ்வொரு டின்னுக்கும் ஒரு ஆணி, ஒரு சுத்தியல். அவருக்குப் பார்வை மங்கல் வேறு. இடது கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. சட்டையெல்லாம் சார்டின் சாறு தெறித்திருந்தது.

"தம்பி, நீ கொஞ்சம் போடு," என்று சுத்தியலைச் சன்னாசியிடம் நீட்டினார்.

சன்னாசி ஆணியை நிறுத்தி ஒரே அடி அடித்தான். சின்னதாக, உருண்டையாக ஓர் ஓட்டை. ஒரு சொட்டு தெறிக்கவில்லை. மதார் சாகிபு பால் டின் ஒன்றை எடுத்து வைத்தார். அதிலும் அப்படியே. கூட்டத்தில் பின்னால் நின்ற ஒருத்தி தன் டின்னையும் அந்தப் பையனே போடட்டும் என்றாள்.

"பையன் பாஸா, பெயிலா?" என்று கேட்டார் மதார் சாகிபு.

"பெயிலுங்க, பாய்," என்றாள் காளியம்மா. அன்றைக்கு இரண்டாவது தடவையாகச் சொல்வதால் இப்போது அவ்வளவு வலிக்கவில்லை.

"நல்லதாப் போச்சு. பாஸான பய இந்த வேலைக்கு நிக்க மாட்டான். கடை மாடியில படுத்துக்கட்டும், சோறு நம்மட்ட."

இப்படியாகச் சன்னாசிக்கு ஓட்டை போடும் உத்தியோகம் கிடைத்தது. அவசரகாலம் நாட்டில் பலருடைய பிழைப்பைக் கெடுத்தது. ஒருவனுக்குப் பிழைப்புக் கொடுத்தது என்றால் அது இவனுக்குத்தான்.

மறுநாள் குழாயடியில் பக்கத்து வீட்டுக் கங்கா குடத்தை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஒம் மவனுக்கு என்னா வேலயாம்?"

"டின் வேல," என்றாள் காளியம்மா.

தோட்டத்தில் டின் வேலை என்றால் தகர வேலை. பால் வாளி செய்வது, புனல் அடிப்பது, ஒழுகுகிறதை ஈயம் வைத்து அடைப்பது. கங்கா முகத்தில் மரியாதை வந்துவிட்டது. காளியம்மா பொய் சொல்லவில்லை. கங்கா தப்பாகப் புரிந்துகொண்டதைத் திருத்தவும் இல்லை. திருத்துவது வாத்தியார் வேலை, அதற்கு அவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். சாயங்காலத்துக்குள் சன்னாசி தகரத் தொழில் படிக்கிறான் என்று லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. நாராயணசாமிக்கும் அப்படித்தான் தெரிந்தது.

விடியற்காலைப் பெரட்டில் கிராணி "சன்னாசி!" என்று கூப்பிடுவார். யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். அந்த ஒரு கண மௌனம் காளியம்மாவுக்குத் தித்திப்பாக இருந்தது. வேலைக்குப் போகும் வழியெல்லாம் அதை நினைத்துக்கொண்டே போவாள்.

அடுத்த மாதம் லீவுக்கு வந்த சன்னாசியைப் பார்க்க வாசலில் பத்துப் பேர், கையில் ஆளுக்கொரு ஒழுகும் வாளி. முன்பெல்லாம் கோல குபுவிலிருந்து ஒரு தகரக்காரர் சைக்கிளில் வருவார். சாலையில் லோரியைச் சுட்டதிலிருந்து அவர் வருவதில்லை. தோட்டத்தில் முக்கால்வாசி வாளி ஒழுகியது. கங்கா எல்லாரையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து தன் வாளியை நீட்டினாள். சன்னாசி அம்மாவைப் பார்த்தான். அம்மா கூரையைப் பார்த்தாள். அவன் வாளியைக் கவிழ்த்து, ஓட்டையை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் ஆராய்ந்தான்.

"இந்த ஓட்டை சுத்தமா இல்லக்கா," என்றான். ஓரமெல்லாம் பிசிறு. அவனுக்குப் பிசிறு பிடிக்காது. ஆணியை வைத்து ஒரு அடி அடித்து உருண்டையாக்கிக் கொடுத்தான்.

கங்கா வீட்டில் அதற்கப்புறம் அந்த வாளியில் செடி வைத்தார்கள்.

இந்த விஷயம் ஆபீசுக்குப் போகாமல் இருக்குமா? பெரிய கிராணி கார்த்திகேசு காளியம்மாவைக் கூப்பிட்டனுப்பினார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடிக்கு மேலாகத்தான் ஆட்களைப் பார்ப்பார். கண்ணாடி வழியாகச் செக்ரோலை மட்டும் பார்ப்பார். அவருடைய மூத்த மகன் கோலாலம்பூரில் தங்கி சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை எழுதியிருந்தான். ரிசல்ட் எப்போது வரும் என்று போன வருடம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவர், வந்ததா என்று இந்த வருடம் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

"உன்ரை பெடியன் தகர வேலை படிக்கிறான் எண்டு லயத்திலை சொல்லுகினம். ஓட்டையைப் பெரிசாக்கிறானாமே, மெய்யோ?"

"ஆரம்பம்தானுங்கய்யா."

"விளையாட்டில்லை, காளியம்மா. ஒவ்வொரு நாளும் பேர் கூப்பிடுறன், பதில் இல்லை. பேர் இருக்கு, ஆள் இல்லை எண்டால் இந்தக் காலத்திலை ஆள் எங்கை எண்டு அர்த்தம், தெரியுமோ? காட்டுக்குள்ளை எண்டு அர்த்தம். போலீஸ் செக்ரோலைப் பார்க்கக் கேட்டிருக்கு. மாச முடிவிலை அனுப்ப வேணும்."

காலையில் தினமும் அவள் ருசித்த அந்த மௌனத்துக்கு இப்படி ஓர் அர்த்தம் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. மளிகைக் கடையில் ஆணி அடிக்கிறான் என்று உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. சொன்னாலும், அது ஒரு தொழிலா, பெரட்டுக்கு வரச்சொல் என்பார்.

"பேர அடிச்சிருங்கய்யா. தொழில் படிக்கிற பையன்."

"தொழில் படிக்கிறவனெண்டால் அடிக்கலாம். துரையிட்டைச் சொல்லி, தோட்டத்து வாளியெல்லாம் அவனட்டையே குடுக்கலாம். ஆனால் நான் கண்ணாலை பார்க்க வேணும். மாச முடிவுக்குள்ளை ஒரு வாளியைத் திருத்திக் கொண்டரட்டும். ஒழுகாமல் இருந்தால் பேரை அடிக்கிறன். ஒழுகினால் அடுத்த நாள் காலமை அவன் களத்திலை நிக்க வேணும்." பிறகு மூலையில் கிடந்த ஓர் ஓட்டை வாளியை அவளிடம் தள்ளினார்.

காளியம்மா அடுத்த ஞாயிறு அந்த வாளியோடு பஸ் ஏறினாள். மதார் சாகிபு கதையைக் கேட்டுவிட்டுக் கல்லாப்பெட்டியைப் பூட்டினார், யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதைப் போல.

"ஏம்மா, புரிஞ்சுதான் பேசுறியா? என் கடையில ஓட்டை போடுற பய ஓட்டை அடைக்கவும் கத்துக்கிட்டான்னா, போலீஸ்காரன் என்ன நெனைப்பான்? இங்க போட்டு அங்க அடைச்சு, டின்ன முழுசாக் காட்டுக்கு அனுப்புறான்னு நெனைப்பான். என் லைசென்சு போயிரும், நானும் கூடவே போவேன்."

நாலு கடை தள்ளி ஆ கியோங் என்கிற சீனர் தகரக் கடை வைத்திருந்தார். செம்புத் தலை வைத்த சூட்டுக்கோலைக் கரி அடுப்பிலிருந்து எடுத்தபடியே அவரும் கதையைக் கேட்டார். "தா போலே லா," முடியாது என்று தலையை ஆட்டினார். மலாயும் தமிழும் கலந்துதான் அவர் பேசுவார். "டின் பொத்தல் அடைக்க ஆள் சொல்லிக் குடுத்தா, மாத்தா-மாத்தா வரும், என்னப் புடிக்கும். மாத்தா-மாத்தா சரி சொல்லட்டும், நான் சொல்லிக் குடுக்கேன்." மாத்தா-மாத்தா என்றால் போலீஸ்.

வேறு யாராயிருந்தாலும் அத்தோடு பஸ் ஏறியிருப்பார்கள். காளியம்மா வாளியோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். அவளுக்குத் தைரியம் அதிகம் என்று சொல்ல முடியாது. மாசம் முடிய அதிக நாள் இல்லை, அவ்வளவுதான்.

ஸ்டேஷனில் ஒரு மலாய் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். தமிழ் தெரிந்த கான்ஸ்டபிள் ஒருவர் பக்கத்தில் நின்று மொழி பெயர்த்தார்.

"என்னம்மா வேணும்?"

"எம் மவன் பத்த வைக்கக் கத்துக்கணும்ங்க."

கான்ஸ்டபிள் மொழி பெயர்க்கவில்லை. அந்த மாதம்தான் பக்கத்துத் தோட்டத்தில் பால் ஸ்டோரைக் காட்டுக்காரர்கள் கொளுத்தியிருந்தார்கள். "எதம்மா பத்த வைக்கணும்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஈயத்தங்க," என்று வாளியைத் தூக்கி மேசைமேல் வைத்தாள்.

இன்ஸ்பெக்டர் வாளியின் ஓட்டை வழியாக ஜன்னலைப் பார்த்தார். விஷயம் மெதுவாக விளங்கியது. சட்டத்தில் டின்னில் ஓட்டை போட வேண்டும் என்று இருக்கிறது. வாளி ஓட்டையை அடைக்கக் கூடாது என்று எங்கும் இல்லை. ஆனாலும் பையன் எப்படிப்பட்டவன், படித்தவனா, உருப்படியானவனா என்று தெரிய வேண்டாமா? "பள்ளிக்கூடத்தில் பாஸா?" என்று அவளைப் பார்த்து மலாயில் கேட்டார்.

காளியம்மாவின் காதில் 'பாஸ்' மட்டும்தான் விழுந்தது. வேலிக் கதவில் பட்ட அவமானம் அவளுக்கு மறக்கவில்லை. இனி ஒருதரம் அந்தத் தப்பைச் செய்வாளா? இடுப்பில் செருகியிருந்த தோட்டத்துப் பாஸை இழுத்து எடுத்து, இரண்டு கையாலும் மேலே பிடித்தாள்.

"பாஸ் இருக்கு ஐயா! இந்தா பாருங்க, பாஸ் இருக்கு!"

"பாஸ்தானாம், துவான்," என்று கான்ஸ்டபிள் மொழி பெயர்த்தார். தாய்க்காரி இவ்வளவு சத்தமாகச் சொல்லும்போது அவர் வேறென்ன சொல்வார்?

"பாகுஸ்," என்றார் இன்ஸ்பெக்டர். நல்லது என்று அர்த்தம். வாளியும் புனலும் மட்டும் அடைக்கலாம், சாப்பாட்டு டின்னைத் தொடக் கூடாது என்று சொல்லி அனுமதி கொடுத்தார். ஆறாம் வகுப்பில் மூன்று வருடம் உட்கார்ந்து கிடைக்காத பாஸ், சன்னாசிக்கு அந்த மேசையில் கிடைத்தது. என்ன நடந்தது என்று காளியம்மாவுக்கு அப்போது தெரியாது. பாஸ் கொண்டுவந்தது நல்லதாய்ப் போயிற்று என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

அதன்பின் சன்னாசி பகலில் மதார் சாகிபு கடையில் ஓட்டை போட்டான், கடை அடைத்ததும் ஆ கியோங் கடையில் அடைக்கக் கற்றான். போடுவது கைவந்த வேகத்தில் அடைப்பது வரவில்லை. தகரத்தைச் சுரண்டாமல் ஈயம் வைத்தால் உருண்டு ஓடியது. சூடு பத்தாவிட்டால் கட்டி தட்டியது. விரலெல்லாம் கொப்புளம். ஆ கியோங் திட்டுவதற்குத் தமிழ் போதாமல் சீனத்துக்குப் போய்விடுவார். மாசக் கடைசிக்கு முந்தின நாள் சாயங்காலம், ஊரடங்குக்கு முந்தின பஸ்ஸில் சன்னாசி கிராணி கொடுத்த வாளியோடு வந்து இறங்கினான். அடியில் தட்டையாக, கொஞ்சம் கோணலாக, வெள்ளையாய் ஓர் ஒட்டு இருந்தது.

"நிக்குமாடா?" என்றாள் காளியம்மா.

"நிக்கும்மா," என்றான். பிறகு, "நிக்கணும்," என்றான்.

வீட்டில் தண்ணீர் ஊற்றிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஒழுகினால் மறுபடி அடைக்க அங்கே சூட்டுக்கோலும் இல்லை, நேரமும் இல்லை. வாளியைத் துணியால் துடைத்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் பெரட்டுக் களத்தில் இன்னும் இருட்டு விலகவில்லை. கம்பத்தில் தொங்கிய காஸ் விளக்கைச் சுற்றிப் பனி நின்றது. எல்லோரும் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நடுங்கினார்கள். சன்னாசி வரிசைக்கு வெளியே, வேலியோரம் நின்றான். உள்ளே வருவதா வெளியே போவதா என்று அவன் காலுக்கே தெரியவில்லை.

"வாளியை நிரப்பு," என்றார் கிராணி. "நான் பேர் கூப்பிட்டு முடியுமட்டும் ஒருத்தர் தூக்கிக்கொண்டு நிக்கட்டும். நிலத்திலை வைக்கக் கூடாது. கீழை சொட்டினால் தெரிய வேணும்."

மண்டோர் கை நீட்டுவதற்குள் காளியம்மா பாய்ந்து வாளியை வாங்கிக்கொண்டாள். "நானே புடிக்கிறேங்கய்யா." தொட்டியில் முக்கி நிரப்பி, வலது கையால் பிடியைத் தூக்கிக்கொண்டு, கிராணியின் மேசைக்கு எதிரே வந்து நின்றாள். பாரத்துக்குத் தாங்கல் கொடுப்பதுபோல் இடது உள்ளங்கையை அடியில் விரித்து வைத்துக்கொண்டாள்.

கிராணி பேர் கூப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொருவராகப் பதில் சொன்னார்கள். ஐந்தாறு பேர் போவதற்குள் அவளுக்கு இடது உள்ளங்கையில் சில்லென்றது. ஒட்டின் கோணல் ஓரத்தில் ஊசிமுனை அளவு வழி இருந்திருக்கிறது. அவள் உள்ளங்கையை வாளியோடு சேர்த்து அழுத்தினாள். தண்ணீர் விரலிடுக்கில் தேங்கி, மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு, முழங்கையை நோக்கி மெதுவாக இறங்கியது. முழங்கையை இடுப்போடு ஒட்டிக்கொண்டாள். ரவிக்கை நனைந்தது, சேலை நனைந்தது. அவள் முகத்தை அசைக்கவில்லை. "காளியம்மா!" என்று அவள் பேர் வந்தபோது, "இருக்கேங்கய்யா," என்றாள், என்றைக்கும் சொல்கிற மாதிரியே. நாராயணசாமி பேரைக் கிராணி இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. அவன் நின்ற இடத்திலிருந்து அவள் முதுகுதான் தெரியும். சேலை நனைந்து முதுகுப்பக்கம் பரவுவது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"சன்னாசி!"

களத்தில் மௌனம். கிராணி பென்சிலை நிறுத்திவிட்டு, கண்ணாடிக்கு மேலாகக் காளியம்மாவைப் பார்த்தார். நிலம் காய்ந்திருந்தது. வாளியின் அடியைப் பார்த்தார். அங்கே அவள் கை இருந்தது. அந்தக் கையிலிருந்து பார்வை மணிக்கட்டுக்கு இறங்கியது, முழங்கைக்கு வந்தது, அதற்குக் கீழே இடுப்பில் கறுத்துப் பரவியிருந்த ஈரத்தில் நின்றது. வெகுநேரம் அங்கேயே நின்றது. அந்த நேரத்தில் அவர் எதை நினைத்தார், யாருடைய மகனை நினைத்தார் என்று யாருக்கும் தெரியாது.

அப்புறம் குனிந்து செக்ரோலில் ஒரு கோடு இழுத்தார்.

"வாளி பாஸ்," என்றார். பக்கத்தைப் புரட்டினார். தலையை நிமிர்த்தாமலே, "காளியம்மா, உனக்கு நல்லா வேர்க்குது போலை கிடக்கு," என்றார்.

"ஆமாங்கய்யா," என்றாள் காளியம்மா. "வெயிலு."

பொழுது இன்னும் விடிந்திருக்கவில்லை.